மரபைக் காக்கப் படிப்பு எதற்கு என்பவர்களுக்கு

"நம்ம கோயில், நம்ம ஊரு, நம்ம வரலாறு. இதைக் காப்பாத்த மனசுல பற்று இருந்தாப் போதும். இதுக்குப் போய் ரெண்டு வருஷம் எம்.ஏ. படிக்கணுமா?"

கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் பெற்றோர் இப்படிக் கேட்கிறார்கள். திருப்பணிக் கமிட்டிக்காரர்கள் கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மரபு நடை அழைத்துச் செல்லும் இளைஞர்களும், கொஞ்சம் தயக்கத்தோடு, இதையே கேட்கிறார்கள். பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகளில் இருப்பவர்களே கேட்கும்போதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பொதுவரலாறும் மரபுப் பாதுகாப்பும் முதுகலை அளவில் படிக்கத் தக்க துறையே இல்லை, ஆர்வமுள்ளவர்கள் ஓய்வு நேரத்தில் செய்யும் காரியம் என்பது நம்மிடையே ஏறக்குறைய முடிந்துபோன தீர்ப்பாகிவிட்டது. இந்தத் தீர்ப்பு தவறு. இதனால் நாம் இழந்தவை ஏராளம், இன்றைக்கும் இழந்துகொண்டிருக்கிறோம்.

பொதுவரலாறு என்று நான் சொல்வது எதை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வரலாறு வகுப்பறையையும் ஆய்வேட்டையும் விட்டு வெளியே வந்து மக்களைச் சந்திக்கும் இடங்கள் பல. அருங்காட்சியகம், கோயில், நினைவுமண்டபம், ஆவணக் காப்பகம், ஊர்த் திருவிழா, சிலை, தெருப்பெயர், சுற்றுலா வழிகாட்டியின் பேச்சு என்று அது நீளும். அங்கெல்லாம் எதை வைத்துக்கொள்வது, எதை எப்படிச் சொல்வது, யாரைக் கேட்டு முடிவெடுப்பது என்பதைக் கற்பதே இந்தப் படிப்பு.

எதிர்த்தரப்பின் வாதத்தில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. பழையதை அழிப்பவர்கள் பற்றில்லாதவர்கள், பற்றுள்ளவர்கள் கைக்கு வந்துவிட்டால் அது பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு நேர்ந்ததைக் கண்ணால் பார்த்த எவரும் இதை நம்ப முடியாது.

கும்பகோணம் பக்கத்தில் ஒரு சிறிய சோழர்காலக் கோயில். குடமுழுக்கு முடிந்து சில மாதங்கள் கழித்துப் போயிருந்தேன். திருப்பணியை முன்னின்று நடத்திய பெரியவர் என்னைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு சுற்றினார். "தாத்தா காலத்துலேர்ந்து இடிஞ்சு கெடந்துச்சுங்க. இப்பப் பாருங்க, எப்படிப் பளபளன்னு இருக்கு" என்று சொல்லும்போது அவர் கண் கலங்கியது. அவர் சொந்த நிலத்தை விற்றுப் பணம் போட்டவர். நான் கீழே பார்த்தேன். பிரகாரத்தைத் தூக்கிப் புதிதாகக் கருங்கல் தளம் போட்டிருந்தார்கள். கோயிலின் அடித்தளமான அதிட்டானத்தின் அடிவரிகள் தளத்துக்குள் போய்விட்டன. எட்டுப்பட்டைக் குமுதத்தின் மேல் ஓடிய கல்வெட்டில் மேல் இரண்டு வரி வெளியே தெரிந்தது, மூன்றாவது வரி சிமெண்டில் பாதி புதைந்திருந்தது, அதற்குக் கீழே இருந்தவற்றைக் காணோம். மேல் வரிகளும் தேய்ந்து மழுங்கியிருந்தன. மணல் வீச்சு நடந்திருக்கிறது என்று தொட்டவுடன் விரலுக்குத் தெரிந்தது.

சாண்ட் பிளாஸ்டிங் என்று ஊரெல்லாம் சொல்லும் அந்த வேலையை நேரில் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கம்ப்ரஸரில் காற்றழுத்தம் ஏற்றி, குழாய் வழியாக மணலைக் கல்லின் மேல் பீய்ச்சுவார்கள். எண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணாம்பும் போய்க் கல் புதிதுபோல் வெளுக்கும். கூடவே, பல நூற்றாண்டு வெயிலிலும் மழையிலும் இறுகிப்போன கல்லின் மேல்தோலும் போய்விடும். கல்வெட்டு எழுத்தின் ஆழம் சில மில்லிமீட்டர்தான். எழுத்தின் ஓரங்கள் மழுங்கினால் அதை மறுபடி படிக்கவோ தாளில் மைப்படி எடுக்கவோ முடியாது. அறநிலையத் துறையே இந்த முறைக்குத் தடை விதித்த பிறகும் அது பல இடங்களில் தொடர்ந்தது. விமானத்தில் சுண்ணாம்புக் காரை இருந்த இடத்தில் சிமெண்ட் பூசுவதும் இதே கதைதான். சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். சிமெண்ட் அதை உள்ளேயே பூட்டிவைக்கும். சில மழைக்காலம் போனதும் செங்கல் உப்புப் பூத்து உதிரும், சுதைச் சிற்பம் வெடிக்கும்.

அந்தப் பெரியவரிடம் பற்றுக்கு என்ன குறை? பணத்துக்கு, உழைப்புக்கு, நேர்மைக்கு என்ன குறை? அவரிடம் "இந்த வரியை மூடாதீங்க, இது உங்க ஊர் ஏரிக்கு நிலம் விட்டவங்க பேரு" என்று சொல்ல ஒரே ஒருவர் இல்லாமல் போனார். சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தது ஒரு பொறியாளரும் ஒரு ஒப்பந்தக்காரரும். இருவரும் தங்களுக்குத் தெரிந்ததைத்தான் செய்தார்கள். நான் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. அந்த இடத்துக்கு உரிய மனிதரை நாம் உருவாக்கவே இல்லை என்கிறேன்.

இது என் ஒருவனின் புலம்பல் என்று நினைக்க வேண்டாம். 2017-ல் யுனெஸ்கோவின் உண்மை அறியும் குழு தமிழகக் கோயில்களைப் பார்த்துவிட்டுத் தந்த அறிக்கை, பாதுகாப்புப் பணிக்குத் தகுதி பெற்ற வல்லுநர்கள் இல்லாத குறையைத்தான் சுட்டியது. 2021 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர்கள் ஆர். மகாதேவன், பி.டி. ஆதிகேசவலு அமர்வு, தொன்மைச் சின்னங்களையும் கோயில்களையும் காப்பது குறித்து 75 உத்தரவுகளைப் பிறப்பித்தது. எழுபத்தைந்து உத்தரவுகளையும் கையில் வைத்துக்கொண்டு களத்தில் நின்று நிறைவேற்றப் போவது யார்? மரபு ஆணையத்துக்கான சட்டத்தைத் தமிழ்நாடு 2012-லேயே இயற்றிவிட்டது. அது நடைமுறைக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. சட்டம் எழுதுவதைவிட ஆளை உருவாக்குவது கடினம், அதற்குக் காலம் பிடிக்கும். அதனால்தான் அதை நேற்றே தொடங்கியிருக்க வேண்டும்.

உடனே ஒரு பதில் வரும். "உ.வே.சா. எந்தப் பட்டம் வாங்கினார்? ரோஜா முத்தையா எங்கே எம்.ஏ. படித்தார்? சென்னையின் வரலாற்றை எழுதிய எஸ். முத்தையா பத்திரிகைக்காரர்தானே?" இந்தப் பதிலை நான் மதிக்கிறேன், ஏனென்றால் இந்தப் பெயர்களை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த வாழ்க்கைகள் எதிர்த்தரப்புக்குச் சாட்சி சொல்ல வரமாட்டா.

உ.வே.சாமிநாதையர் ஆர்வத்தால் மட்டும் சுவடி தேடிப் புறப்பட்டவர் இல்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் காலடியில், அவர் 1876-ல் மறையும் வரை, பாடம் கேட்டவர். அதன் பிறகுதான் 1887-ல் சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியின் பதிப்பு வந்தது. இடையில் எத்தனை பிரதிகளை ஒப்பிட்டார், சமணர்களிடம் போய் அவர்கள் மரபை எப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்டார் என்பதை அவரே எழுதிவைத்திருக்கிறார். கல்வி முடித்த பிறகு தொடங்கிய இன்னொரு கல்வி அது. இன்று நாம் முதுகலை என்று சொல்வதன் பொருளும் அதுதான்.

ரோஜா முத்தையாவின் கதை இன்னும் தெளிவானது. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர், வாழ்நாளெல்லாம் நூல்களையும் இதழ்களையும் நாடக நோட்டீஸ்களையும் தேடித் தேடிச் சேர்த்தார். பூச்சி அரிக்காமல் காக்கத் தானே வழிகளைக் கண்டுபிடித்தார். 1992-ல் அவர் மறைந்தார். அந்தச் சேகரிப்பு அங்கேயே கிடந்திருந்தால் எடைக்குப் போயிருக்கும், அல்லது கரையானுக்குப் போயிருக்கும். சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. 1994-ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பிறந்தது. பட்டியலிடத் தெரிந்தவர்கள், நுண்படம் எடுக்கத் தெரிந்தவர்கள், காகிதத்தின் அமிலத்தைப் பற்றிப் படித்தவர்கள் கைக்கு அது போய்ச் சேர்ந்தது. இன்று தமிழ் அச்சுப் பண்பாட்டைப் பற்றி ஆய்வு செய்யும் எவரும் அந்த நூலகத்தின் படியேறாமல் இருக்க முடியாது. ஒரு மனிதரின் பற்று சேர்த்தது, பயிற்சி பெற்ற பலரின் உழைப்பு காத்தது. அதே செட்டிநாட்டில் எத்தனை வீடுகளின் பெட்டகச் சுவடிகள் அப்படி ஒரு கை வந்து வாங்காததால் போயின, எத்தனை தேக்குத் தூண்கள் காரைக்குடிக் கடைகளில் துண்டு துண்டாக விலைபோயின என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

பற்றுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அது கதையை விரும்பும், சான்றை விரும்பாது. தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனால் காதில் விழும் முதல் செய்தி, விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பது. அங்கே காலையிலோ மாலையிலோ பத்து நிமிடம் நின்றால் நிழல் கண்முன்னே நீண்டு கிடக்கும். இரண்டாவது செய்தி, உச்சியில் இருப்பது எண்பது டன் எடையுள்ள ஒரே கல் என்பது. பல கற்களை இணைத்துச் செய்தது அது. இந்தக் கதைகளைச் சொல்பவர்கள் பொய்யர்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் அந்தக் கோயிலை உயிராக நேசிக்கிறார்கள். வியப்பை எங்கே தேடுவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

வியப்பு சுவரில் இருக்கிறது. திருச்சுற்றின் வெளிப்புறச் சுவரில் ராஜராஜன் ஒரு நீண்ட பட்டியலைப் பொறித்திருக்கிறான். நாட்டின் பல கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவந்த சுமார் 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலில் ஆடிப் பாடிப் பணிசெய்த பெண்களின், பட்டியல் அது. இன்ன ஊர், இன்ன கோயில், இன்ன பெயர், எந்தத் தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு என்று ஒவ்வொருவருக்கும் முகவரி உண்டு. ஆளுக்கு ஒரு பங்கு, ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஆயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்த நானூறு சாதாரணப் பெண்களின் பெயர்களைக் கதவிலக்கத்தோடு சொல்லும் ஆவணம் உலகில் வேறெங்கே இவ்வளவு தெளிவாக இருக்கிறது? அந்தச் சுவரைக் கடந்து நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் நடக்கிறார்கள், நிழலைப் பற்றிப் பேசிக்கொண்டே.

அதே கோயிலின் கல்வெட்டுகளில் இன்னொன்றும் உண்டு. கோயிலுக்கு விட்ட ஊர்களில் வரி நீக்கிய நிலங்களைக் கணக்கிடும்போது பறைச்சேரி, தீண்டாச்சேரி, கம்மாணச்சேரி என்ற குடியிருப்புகள் வரிசையாக வருகின்றன. பெருமையைக் காட்டும் அதே கல்லில் ஒதுக்கலும் எழுதப்பட்டிருக்கிறது. இதை அந்த இடத்தில் நின்று, குடும்பத்தோடு வந்திருக்கும் மக்களிடம், யாரையும் சிறுமைப்படுத்தாமல், எதையும் மறைக்காமல் எப்படிச் சொல்வது? பற்றுள்ளவர் இதைத் தாண்டிப் போய்விடுவார். கோபமுள்ளவர் இதை மட்டும் சொல்வார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதற்குப் பயிற்சி வேண்டும். அதுவும் மேடையில் பேசிப் பழகும் பயிற்சி போதாது. கல்வெட்டையும் படிக்கத் தெரிய வேண்டும், எதிரே நிற்பவரின் முகத்தையும் படிக்கத் தெரிய வேண்டும்.

இங்கே பல்கலைக்கழகத்தார் குறுக்கிடுவார்கள். "அதைத்தானே நாங்களும் சொல்கிறோம். கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர் முறையான வரலாறு படிக்கட்டும். பொதுவரலாறு என்பது ஆய்வைத் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பது." இவர்களுடைய பேச்சில்தான் எனக்கு மிகுந்த வருத்தம். ஆய்வை எளிமையாகச் சொல்வது ஆய்வு செய்வதைவிடக் கீழான வேலை என்று எப்படித் தீர்மானித்தார்கள்?

அகழாய்வு நடந்த கீழடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 மார்ச்சில் அங்கே அருங்காட்சியகம் திறந்தார்கள். செட்டிநாட்டுக் கட்டட பாணியில் அழகாக இருக்கிறது, கூட்டம் குவிகிறது. கீழடி என்றதும் எல்லோருக்கும் வாயில் வருவது ஒரு எண்தான்: கி.மு. 580. அந்த எண் எங்கிருந்து வந்தது? 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரித்துண்டை அமெரிக்காவிலுள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்கு அனுப்பி, அவர்கள் கணித்துச் சொன்ன காலம் அது. சொல்லும் முறையில் இரண்டு வழி உண்டு. "தமிழர் நாகரிகம் இத்தனை ஆண்டு பழையது" என்று எண்ணை மட்டும் தூக்கிப் பிடிப்பது ஒன்று. இந்தக் குழி, இந்த மண்ணடுக்கு, இந்தக் கரி, இதன் மேலும் கீழும் கிடைத்தவை இவை, ஆகவே இப்படி முடிவு செய்தோம் என்று பார்க்க வந்தவரையும் அந்தக் குழிக்குள் இறக்கிவிடுவது இன்னொன்று. முதல் வழியில் கேட்டவர், நாளை ஒருவர் அந்த எண்ணை மறுத்தால் தடுமாறுவார், அல்லது சண்டைக்குப் போவார். இரண்டாவது வழியில் கேட்டவர் சான்றைக் காட்டி வாதாடுவார்.

அங்கே கிடைத்த பானை ஓடுகளையும் பாருங்கள். ஆதன் என்று கீறிய ஓடு. அதன் கீழே "தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடு" என்று எழுதிவிட்டால் வேலை முடிந்ததாக நினைக்கிறோம். தொல்லியல் துறையின் வெளியீடு அதைவிட அழகான செய்தியைச் சொல்கிறது. எழுத்துகள் பானையைச் சுட்ட பிறகு கீறப்பட்டவை. கையெழுத்து ஓட்டுக்கு ஓடு மாறுகிறது. ஆகவே வனைந்தவரே எழுதியிருக்க வேண்டும் என்பதில்லை, பானையை வைத்திருந்தவர்களே தம் பெயரைக் கீறியிருக்கலாம். அப்படியானால் எழுத்து சிலர் கையில் மட்டும் இல்லாமல் வீட்டுக்குள் புழங்கியிருக்கிறது. இதை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும்படி, கல்வெட்டறிஞரும் குறை சொல்லாதபடி, நாற்பது சொல்லில் எழுதிப் பாருங்கள். எத்தனை முறை அடித்து எழுத வேண்டியிருக்கும் என்பது அப்போது தெரியும். "இருக்கலாம்" என்ற சொல்லை எங்கே வைப்பது என்பதற்கே ஒரு மாலை போய்விடும். நூறு பக்கக் கட்டுரையில் ஒளிந்துகொள்ள இடம் உண்டு. நாற்பது சொல்லில் ஒளிய இடமில்லை.

தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் இருந்தால் போதும் என்ற வாதத்துக்கும் தஞ்சைப் பெரிய கோயிலே பதில். கருவறையைச் சுற்றிய உள்நடையில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். சோழர் ஓவியம் பழமையானது. நாயக்கர் ஓவியமும் வரலாறுதான். அடியிலுள்ளதைக் காண மேலுள்ளதை என்ன செய்வது? பின்னாளில் மத்தியத் தொல்லியல் துறை மேற்பூச்சை ஓவியத்தோடு பிரித்தெடுத்து, இழைக்கண்ணாடிப் பலகைகளில் பொருத்தி, இரண்டையும் காப்பாற்றியது. பிரித்தெடுக்கும் நுட்பம் வேதியியலாளருக்குத் தெரிந்திருந்தது. இரண்டையும் காக்க வேண்டும் என்ற முடிவை எந்த வேதியியல் நூலும் தராது. எந்தக் காலத்தை வைத்துக்கொள்வது, எந்தக் காலத்தை விட்டுக்கொடுப்பது, அதைச் சொல்லும் உரிமை யாருக்கு என்ற கேள்விகள்தான் இந்தத் துறையின் நடுநரம்பு. கோயில்களில் அது இன்னும் சிக்கலாகிறது. வழிபாடு நடக்கும் கோயிலை அருங்காட்சியகம்போலப் பூட்ட முடியாது. குடமுழுக்குச் செய்வது பக்தர்களின் உரிமை. பாலாலயம் எழுப்பித் திருப்பணி தொடங்குவது ஊரின் கொண்டாட்டம். அந்த உரிமையை மதித்துக்கொண்டே கல்வெட்டைக் காக்க, ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்து பேசத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

கோயிலையே பேசிக்கொண்டிருந்தால் மரபு என்றால் கல் என்று ஆகிவிடும். வடசென்னைக்கு வாருங்கள். பெரம்பூரின் பக்கிங்காம் கர்நாடிக் மில், ஊரார் வாயில் பின்னி மில். 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது அந்த மில்லின் தொழிலாளர்களை நம்பித்தான். தொழிற்சங்கத் தலைவர்களான பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் பேசிய மண் அது. 1996-ல் மில் மூடப்பட்டது. அந்த நிலத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துவிட்டன. அங்கே ஒரு நினைவகம் வைப்பதாக வைத்துக்கொள்வோம். 1921 வேலைநிறுத்தத்தை என்ன சொல்லி எழுதுவீர்கள்? தொழிலாளர் ஒற்றுமையின் வீரக்கதை என்று ஒரு தரப்பு சொல்லும். அப்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் சாதி மோதலாக வெடித்து, வீடுகள் எரிந்து, துப்பாக்கிச் சூடு வரை போனது. ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி. ராஜா அந்த மக்களின் பக்கம் நின்றார். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அதே தெருக்களில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் சொல்லும் கதை வேறு.

இந்த இரண்டு நினைவுகளையும் கேட்டு எழுதுவது விளையாட்டுக் காரியமில்லை. ஒலிப்பதிவுக் கருவியை நீட்டியதும் யாரும் பேசிவிட மாட்டார்கள். முதல் நாள் உபசாரத்துக்குப் பேசுவார்கள், பல நாள் கழித்துத்தான் சொல்ல வந்ததைச் சொல்வார்கள். சொன்னதை யாரிடம் காட்டலாம், பெயர் போடலாமா, அவர் இறந்த பிறகு அந்தப் பதிவு யாருக்குச் சொந்தம், மகன் வந்து நீக்கச் சொன்னால் நீக்குவதா? நினைவு ஆவணத்தோடு முரண்பட்டால் எதை நம்புவது? முரண்பாட்டையே ஒரு சான்றாக வைப்பது எப்படி? கையில் கைப்பேசி உள்ளவர்கள் எல்லோரும் இன்று வாய்மொழி வரலாறு பதிவு செய்கிறார்கள், இரண்டு நிமிடக் காணொளியாக வெட்டி ஏற்றுகிறார்கள். ஒரு முதியவளின் வாழ்நாள் துயரம் இசை சேர்த்து ஓடுகிறது. அவளிடம் அனுமதி கேட்டார்களா என்று கேட்க ஆளில்லை. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25-ம் தேதி எரிந்துபோன 44 உயிர்களின் உறவினர்களிடம் ஆண்டுதோறும் ஒலிவாங்கி நீட்டுகிறவர்கள், அந்தக் கேள்விகளை ஒருமுறையாவது உட்கார்ந்து கற்றிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிகப்படியான ஆசையா?

வேலை கிடைக்குமா என்ற பெற்றோரின் கேள்விக்கு வருகிறேன். அது நியாயமான கேள்வி, அதை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. கடன் வாங்கிப் படிக்க வைக்கிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பொதுவரலாறு பல்கலைக்கழகப் பாடமாகப் பிறந்ததே வேலைத் தட்டுப்பாட்டிலிருந்துதான். 1970-களில் அமெரிக்காவில் வரலாறு படித்தவர்களுக்கு ஆசிரியர் வேலை கிடைக்காமல் போனபோது, 1976-ல் சாண்டா பார்பராவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கெல்லி இந்தப் படிப்பைத் தொடங்கினார். வகுப்பறைக்கு வெளியே வரலாற்றாளருக்கு வேலை இருக்கிறது, அதற்குத் தயார் செய்வோம் என்பதே அவர் கணக்கு. பெங்களூரின் சிருஷ்டி கல்வி நிறுவனத்தில் பொதுவரலாற்றுக்கென்றே ஒரு மையம் வந்தது. நம் ஊரில் இதற்கு வேர் இல்லாமலில்லை. மாநிலத் தொல்லியல் துறை கல்வெட்டியலிலும் தொல்லியலிலும் முதுநிலைப் பட்டயம் நடத்துகிறது. 1981-ல் பிறந்த தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டு, ஓலைச்சுவடி, சிற்பம், கட்டடக்கலை என்று தனித்தனித் துறைகள் உண்டு. தனித்தனியாக இருப்பதுதான் குறை. சுவடி படிப்பவரும் சுண்ணாம்பு அரைப்பவரும் ஒரே பெஞ்சில் உட்காரும் வகுப்பு இல்லை.

தேவை இல்லையா? அறநிலையத் துறையின் கீழ் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கோயில்கள். 1851-ல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகமும் பல மாவட்டங்களில் அதன் கிளைகளும். நினைவுமண்டபங்கள், காந்தி அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம், பல்கலைக்கழக நூலகங்கள். பொருநை, கங்கைகொண்ட சோழபுரம் என்று அடுத்தடுத்து அருங்காட்சியகத் திட்டங்கள். கட்டடத்துக்குக் கோடிகளில் பணம் ஒதுக்குகிறோம். உள்ளே பொருளைக் காக்கவும் எழுதவும் பேசவும் பயின்றவருக்கு ஒரு பணியிடம் கேட்டால் நிதி இல்லை என்கிறோம். வேலை இருக்கிறது, பணியிடம் இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு படிப்பைக் குறை சொல்வது, மருத்துவமனையில் மருத்துவர் பணியிடத்தை நிரப்பாமல் வைத்துவிட்டு மருத்துவப் படிப்பு வீண் என்பதற்குச் சமம்.

இப்படிப் பதிவு செய்துவைக்கும் ஒரு படத்தின் மதிப்பு என்ன என்று கேட்பவர்களுக்குப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சொல்வேன். 1950-களிலிருந்து அதன் புகைப்படக்காரர்கள் தமிழகக் கோயில்களில் ஊர் ஊராகப் போய்ச் சிலைகளைப் படமெடுத்தார்கள். ஊர், கோயில், திசை என்று குறித்து அடுக்கினார்கள். பார்ப்பதற்குச் சலிப்பான வேலை. ஸ்ரீபுரந்தான் நடராஜர் திருடப்பட்டு ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு விலைபோனபோது, இது எங்கள் கோயில் சிலை என்று நிறுவ அந்தப் படங்கள்தான் கைகொடுத்தன. 2014-ல் நடராஜர் திரும்பி வந்தார். அதற்கு முன், கடத்தப்பட்ட பத்தூர் நடராஜருக்காக லண்டன் நீதிமன்றத்தில் நடந்த வழக்கில் தொல்லியல் அறிஞர் டாக்டர் இரா. நாகசாமி சாட்சிக் கூண்டில் ஏறினார். சிலையின் பாணியையும் அது தோண்டியெடுக்கப்பட்ட குழியிலிருந்து வந்த மற்ற படிமங்களையும் ஒப்பிட்டுப் பேசியது அவருடைய படிப்பு. 1991-ல் அந்தச் சிலையும் வந்து சேர்ந்தது. "எங்கள் சாமி" என்ற கண்ணீரை அந்த நீதிமன்றம் சான்றாக ஏற்றிருக்காது.

சரி, ஒரு மூன்று மாதச் சான்றிதழ்ப் படிப்பு போதாதா, முதுகலை வரை ஏன் என்பார்கள். ஒரு துறையில் கால் ஊன்றிய பிறகு வர வேண்டிய படிப்பு இது என்பதால். தமிழ் படித்தவர், கட்டடவியல் படித்தவர், வேதியியல் படித்தவர், வரலாறு படித்தவர் தத்தம் அறிவோடு வந்து ஒருவருக்கொருவர் எதிரே உட்கார வேண்டும். கல்லை ஈரத் தூரிகையால் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் அறைந்து எழுத்துக்குள் இறக்கி, காய்வதற்குள் மைப்பந்தால் ஒற்றி ஒரு மைப்படி எடுக்கக் கட்டடவியல் மாணவர் கற்க வேண்டும். சுண்ணாம்பை எத்தனை நாள் ஊறவைத்து, கடுக்காயும் வெல்லமும் எப்போது சேர்ப்பது என்று தமிழ் மாணவர் ஸ்தபதியிடமும் கொத்தனாரிடமும் நின்று பழக வேண்டும். ஒரு ஊரின் முழு ஆண்டைப் பார்க்க வேண்டும், அதன் திருவிழாவையும் அதன் சண்டையையும் சேர்த்து. மூன்று மாதத்தில் சொல்லிக் கொடுக்கலாம், பழக்க முடியாது.

குறிப்பு எடுத்துக் கொடுத்து, மனப்பாடம் செய்ய வைத்து, களத்துக்கே போகாமல் பட்டம் தரும் படிப்பைத் தொடங்கினால் அதை நானே எதிர்ப்பேன். அருங்காட்சியவியலைக் கரும்பலகையில் கற்பித்து அனுப்பிய இடங்கள் உண்டு, அவற்றைக் காட்டித்தான் இந்தத் துறையே வீண் என்கிறார்கள். அப்படிப்பட்ட பாடத்திட்டத்தைத் திருத்தச் சொல்லுங்கள், நானும் உங்களோடு வருகிறேன்.

கேட்பது பெரிதில்லை. அறநிலையத் துறையின் ஒவ்வொரு மண்டலத்திலும் இப்படிப் பயின்ற ஒருவருக்கு நிரந்தரப் பணியிடம். நூறாண்டுக்கு மேல் பழமையான எந்தக் கோயிலின் திருப்பணி மதிப்பீட்டிலும், ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன், கல்வெட்டுகளும் ஓவியங்களும் பதிவாகிவிட்டன என்று அவருடைய கையொப்பம். அந்தக் கையொப்பம் இல்லாமல் பிரகாரத்தில் ஒரு கல்லையும் பெயர்க்கக் கூடாது. அதற்கு ஆகும் செலவு, ஒரு கோபுரத்துக்கு அடிக்கும் பெயிண்ட் செலவோடு ஒப்பிட்டால் தெரியவே தெரியாது. அந்த இடங்களில் உட்காரத் தகுதியான முதல் அணி படிப்பு முடித்து வெளியே வர இரண்டு ஆண்டு ஆகும். அதற்குள் தமிழ்நாட்டில் இன்னும் எத்தனையோ கோயில்களுக்குக் குடமுழுக்குத் தேதி குறித்திருப்பார்கள். எனவே சேர்க்கையை வரும் கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டும்.